செப்டம்பர் 11-இல் இறந்த தீயணைப்பு வீரர்களுக்கு நியூயார்க் செலுத்தும் அஞ்சலி வெறும் சடங்குதானா?

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் நியூயார்க் தீயணைப்புத் துறை ஒரே நாளில் 343 பேரைப் பறிகொடுத்தது. ஆண்டுதோறும் நடக்கும் அஞ்சலி வெறும் சடங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். சடங்குதான். ஆனால் காரணமில்லாத சடங்கு அல்ல.

மணியோசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஐந்தாக நான்கு முறை அடிப்பார்கள். தீயணைப்பு நிலையங்களுக்குத் தந்தி வழியாகச் செய்தி போன காலத்தில், பணியின்போது ஒருவர் இறந்தால் அனுப்பப்பட்ட குறியீடு அது. தந்தி ஒழிந்தும் மணி ஒழியவில்லை.

2011-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில், கோபுரங்கள் நின்ற இடங்களில் இரண்டு தடாகங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிய வெண்கலப் பலகைகளில் பெயர்கள் அகரவரிசையில் இல்லை. தீயணைப்பு வீரர்கள் தெற்குத் தடாகத்தருகே, தாங்கள் பணியாற்றிய குழுவினருடனேயே இடம்பெற்றிருக்கிறார்கள். எழுத்துகள் பலகையில் வெட்டப்பட்டிருப்பதால், இறந்தவரின் பிறந்தநாளன்று அவர் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விடப் பெரிய மரியாதை மருத்துவச் செலவை ஏற்பதுதான். அதில்தான் அரசு இழுத்தடித்தது. இடிபாட்டுத் தூசியைச் சுவாசித்து நோயுற்றவர்களுக்கான ஸட்ரோகா சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டது 2011 ஜனவரியில். இழப்பீட்டு நிதி 2090 வரை நீட்டிக்கப்பட்டதோ 2019-இல்தான். (மலர்வளையத்துக்கு இத்தனை விவாதம் நடந்ததில்லை!) அந்த நோய்களால் பின்னாளில் இறந்த தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் 343-ஐத் தொட்டது. புரூக்ளினில் உள்ள துறைத் தலைமையகத்தில் அவர்களுக்கென்று தனிச் சுவர் இருக்கிறது; அதில் இன்னமும் பெயர்கள் சேர்க்கப்பட்டு வருகின்றன.