மகெரேரேயும் கட்டணமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உகாண்டாவின் மகெரேரே பல்கலைக்கழகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆரம்பப் பள்ளிக்கே பணம் போதாத நாடு இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தைச் சுமக்க வேண்டுமா? வசதி உள்ளவர்களிடம் கட்டணம் வாங்கி அதுவே பிழைத்துக்கொள்ளட்டுமே?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

1980களில் உலக வங்கியின் கணக்கும் இதேதான்: தொடக்கக் கல்வியில் போடும் பணத்துக்கே பலன் அதிகம்.

மகெரேரே 1922-ல் 14 மாணவர்களோடு ஒரு தொழிற்பள்ளியாகத் தொடங்கியது. தச்சு, கட்டட வேலை சொல்லித்தந்த இடம். 1949-ல் லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியானது. சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் தேசியப் பல்கலைக்கழகமாக நின்றது 1970 ஜூலையில். அடுத்த ஜனவரியிலேயே ராணுவத் தளபதி இடி அமீன் ஆட்சியைப் பிடித்துவிட்டார். 1972-ல் துணைவேந்தர் ஃபிராங்க் கலிமுசோவை அமீனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. ஆசிரியர்கள் பலர் நாட்டைவிட்டே போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் கிடைத்த சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியவில்லை.

அப்புறம்தான் நீங்கள் சொல்லும் வழிக்கு வந்தார்கள். 1990களில் கட்டணம் கட்டுகிற மாணவர்களைச் சேர்த்து மாலை வகுப்புகள் நடத்தினார்கள். சில வருடங்களிலேயே மாணவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். பணம் வந்தது, சம்பளம் கூடியது. செத்துக்கொண்டிருந்த இடத்துக்கு உயிர் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பங்கு வசூலித்த புலத்துக்கே (கலை, அறிவியல் மாதிரிப் பாடப் பிரிவுக்கே) போனது. பிறகென்ன, கூட்டம் சேரும் படிப்பாகப் பார்த்துத் தொடங்கினார்கள். கலைப் புலத்தில் சுற்றுலாவுக்குப் பட்டம்! காலையில் ஒரு கூட்டத்துக்கும் அந்தியில் இன்னொரு கூட்டத்துக்கும் பாடம் எடுத்துவிட்டு, கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துகிறவர் எப்போது படிப்பார், எப்போது ஆராய்ச்சி செய்வார்? உகாண்டாவின் அறிஞர் மஹ்மூத் மம்தானி இதைத்தான் கடுமையாகக் கண்டித்தார். 2010-ல் அங்கேயே சமூக ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவராக வந்து, வகுப்பில் உட்கார்ந்து வருடக்கணக்கில் படிக்கிற முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கினார். அந்த மாதிரிப் படிப்புக்குக் கட்டணத்தில் பணம் தேறாது. அரசுதான் கொடுக்க வேண்டும்.

ஆரம்பப் பள்ளியைச் சொன்னீர்கள். 1997-ல் உகாண்டா தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. சுமார் 30 லட்சமாக இருந்த பிள்ளைகள் 50 லட்சத்தைத் தாண்டினார்கள். அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை, ஏழு வருடம் தொடக்கப் பள்ளி, ஆறு வருடம் மேல்நிலை முடித்து 2010-ல் மகெரேரே வாசலுக்கு வருகிறது. இலவசம் என்பதால் பள்ளிக்கு வந்த பிள்ளை அது. அதனிடம் போய் எந்தக் கட்டணத்தைக் கேட்பது?