கீழ்மலைத் தோட்டம் ஏன் காடு மாதிரி இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன மாதம் குடும்பத்தோடு தாண்டிக்குடியில் இரண்டு நாள் தங்கினோம். ஊர் அழகு. ஆனால் தோட்டங்களைப் பார்த்தால் வருத்தமாக இருந்தது. காப்பி, வாழை, மிளகு, பட்டர் ஃப்ரூட், பலா எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகப் புதர் மண்டிக் கிடக்கின்றன. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் எவ்வளவு ஒழுங்கு! இங்கே யாரும் கவனிப்பதில்லையா? மரங்களைக் கழித்துவிட்டு ஒரே பயிராக வைத்தால் விளைச்சல் கூடாதா? நண்பர்கள் சேர்ந்து அங்கே இரண்டு ஏக்கர் வாங்கவும் யோசிக்கிறோம்.

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

நீங்கள் பார்த்தவை அனேகமாக நன்றாகக் கவனிக்கப்படும் தோட்டங்கள்தான். கீழ்மலையில் தோட்டம் என்றால் அப்படித்தான் இருக்கும். கொடைக்கானல்காரர்களுக்கு மன்னவனூர், பூம்பாறை, கிளாவரை எல்லாம் மேல்மலை. அங்கே பூண்டு, உருளை, கேரட். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கம் கீழ்மலை. காப்பி இங்கேதான்.

மூணாறைப் பார்த்த கண்ணோடு இங்கே வந்தால் குழப்பம்தான் வரும். அங்கே நிலம் கம்பெனியுடையது. தொழிலாளிக்குக் கூலி மாதம் தவறாமல் வரவேண்டும், அதற்கு ஏற்ற மாதிரி வருடம் முழுக்கக் கொழுந்து வருகிறது. கீழ்மலையில் பெரும்பாலான வீடுகளுக்கு இருப்பது இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர். சம்பளம் கொடுக்க ஆள் கிடையாது, தோட்டமேதான் கொடுக்க வேண்டும். காப்பிப் பழம் கார்த்திகை தொடங்கித் தை வரை. அது முடிகிற நேரத்தில் மிளகு. கோடை முடிவில் பலா. ஆடி, ஆவணியில் பட்டர் ஃப்ரூட். வாழைத்தார் எந்த மாதமும் ஒன்றிரண்டு விழும். பள்ளிக்கூடப் பீஸ், மளிகைப் பாக்கி எல்லாம் அந்தத் தாரில்தான். நீங்கள் புதர் என்று பார்த்ததை அந்த வீட்டு அம்மாள் பன்னிரண்டு மாத வரவாகப் பார்க்கிறார்.

மரத்தைக் கழிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது இங்கே விளைகிற அராபிகா வகைக் காப்பிச் செடி ஒன்றின் தண்டைக் குனிந்து பாருங்கள். சில செடிகளில் பட்டைக்கு அடியில் வளையம் வளையமாக மேடு தட்டியிருக்கும். இலை மஞ்சளாகித் தொங்கும். உள்ளே இருப்பது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் புழு. அதன் தாய்வண்டு வெயில் படுகிற தண்டைத் தேடிப்போய்ப் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும்; நிழலில் நிற்கிற செடியை அவ்வளவாகச் சீண்டாது. புழு உள்ளே போய்விட்டால் மருந்து அடித்தும் பெரிய பிரயோசனமில்லை, செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். என் சித்தப்பா வண்டு பறக்கிற காலத்துக்கு முன்பே தேங்காய் நாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு தண்டாகப் பட்டையைத் தேய்த்து வழவழப்பாக்குவார், முட்டை வைக்க இடுக்கு இருக்கக்கூடாது என்று. ஒரு ஏக்கரில் ஆயிரத்துக்கு மேல் செடி நிற்கும். 'யாரும் கவனிப்பதில்லை' என்று நீங்கள் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டப் போவதில்லை.

நிழல் மரத்தையும் சும்மா விடுவதில்லை. மழைக்கு முன்னால் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள், காப்பிக்குத் தனியாகக் கவாத்து உண்டு. அடியோடு வெட்டுவது வேறு விஷயம். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. பட்டா நிலத்தில் நிற்கிற மரம் என்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது.

சரி, ஒரே பயிர். மலைவாழையைத்தான் உதாரணம் சொல்ல வேண்டும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி வாழை ஒருகாலத்தில் இந்த மலைகளில் கொடிகட்டிப் பறந்தது. 1970-களில் பதினெட்டாயிரம் ஹெக்டேர் வரை இருந்ததாகச் சொல்லப்படும் பரப்பு, பிறகு இரண்டாயிரத்துக்குச் சுருங்கியது. காரணம் முடிக்கொத்து நோய். வாழை அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி பரப்புகிற வைரஸ். வந்துவிட்டால் இலைகள் நுனியில் குறுகி, கொத்தாக நிமிர்ந்து நிற்கும், தார் தள்ளாது. அந்தக் கிழங்கிலிருந்து எடுத்த கன்றும் நோயோடுதான் வரும். பக்கத்துத் தோட்டத்துக் கன்றை வாங்கி நடுகிற பழக்கமே நோயை மலை முழுக்கக் கொண்டுபோனது. அப்புறம் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்றுகள் வந்து ஓரளவு மீண்டது, பழைய நிலைக்கு இல்லை. கமலா ஆரஞ்சுக்கும் இதே கதைதான், பசுமையாதல் நோயில் மரம் மரமாகக் காய்ந்தது. 2001-ஐ ஒட்டிக் காப்பி விலை உலகச் சந்தையில் அடிமட்டத்துக்குப் போனபோது பறிகூலிக்கே கட்டவில்லை. வாழை போனபோது காப்பி தாங்கியது, காப்பி விழுந்தபோது மற்ற பயிர்கள். ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் நீங்கள் தங்கிய ஊரில் பாதிப் பேர் எப்போதோ திருப்பூருக்கு வந்திருப்பார்கள். (வந்தவர்களும் உண்டு. உங்கள் பனியன் கம்பெனிகளில் விசாரித்துப் பாருங்கள்.)

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவரவில்லை. இந்த மலைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். பழம் பழுப்பதும் அப்போதுதான். அராபிகாவை ஒரே தடவையில் உருவ முடியாது, பழுத்ததை மட்டும் மூன்று நான்கு சுற்று எடுக்க வேண்டும். எடுத்த அன்றே பல்பர் இயந்திரத்தில் தோலை நீக்கி, இரவு தொட்டியில் போட்டு வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைக்க வேண்டும். மேகம் கூடினால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வீடே ஓடும். ஐந்து கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பார்ச்மெண்ட், அதாவது உள்தோலோடு காய்ந்த கொட்டை, கிடைத்தால் சரி. பல்பரும் களமும் இல்லாதவர்கள் சாயங்காலமே பழமாக வியாபாரிக்குப் போட்டுவிடுகிறார்கள். மதிப்புக் கூடுகிற வேலையெல்லாம் கீழே பட்டிவீரன்பட்டிப் பக்கம் நடக்கிறது. 2024, 25-ல் காப்பி விலை உச்சத்துக்குப் போனதே, அப்போதும் பறிக்க ஆள் கிடைக்காமல் பழத்தை மண்ணில் விட்டவர்கள் உண்டு. பறிப்பவர்களில் கணிசமானவர்கள் பளியர் பழங்குடியினர். மலைக்கு முதலில் வந்தவர்கள் அவர்கள், நிலம் பெரும்பாலும் மற்றவர்கள் பெயரில். தோட்டத்தின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது.

இரண்டு ஏக்கர் விஷயம். நேரடியாகச் சொல்கிறேன்: வார விடுமுறைக்கு என்றால் வேண்டாம். கீழ்மலையில் இப்போது தோட்டத்தைக் கெடுப்பது நோயைவிட இதுதான். வெளியூர்க்காரர் வாங்குவார், பார்வைக்கு மறைக்கிறது என்று நிழலைக் கழிப்பார், வருடத்தில் பத்து நாள் வருவார். காப்பித் தண்டில் வெயில் விழும். அந்தத் தோட்டத்தில் பெருகிய வண்டு வேலிக்கு அந்தப்பக்கமும் போகும். தேங்காய் நாரோடு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் நஷ்டம். விவசாயமே பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, போய்ப் பேசுங்கள். ஒரு பழம் எடுப்புக் காலம் முழுக்க ஊரில் தங்குங்கள். காட்டுமாடு எந்த வழியாக இறங்குகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாதைக்கு யார் நிலத்தைத் தாண்ட வேண்டும் என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்காது. பக்கத்துத் தோட்டக்காரர்தான் சொல்வார், அதுவும் நான்கைந்து தடவை டீ குடித்த பிறகு.

மலைவாழை வாங்கினீர்களா என்று எழுதவில்லை. அடுத்த தடவை வாங்கினால் தோல் கறுத்துச் சுருங்குகிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாப்பிட வேண்டியதே அப்போதுதான்.