செடித் தொட்டி: முதல் ஆறு வாரத்தில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

கேள்வி: இரண்டடி மீன்தொட்டியில் செடி வைத்து மூன்று வாரம் ஆகிறது. கிரிப்டோகரைனும் அமேசான் ஸ்வார்டும் வாங்கும்போது பச்சைப்பசேலென்று இருந்தன. இப்போது இலையில் ஓட்டை விழுந்து, கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கரைகின்றன. கடைக்காரர் உர பாட்டிலும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் செட்டும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை. கடைக்கு வரும் செடிகளில் பெரும்பாலானவை நர்சரியில் தண்ணீருக்கு மேலே, ஈரப்பதமான காற்றில் வளர்க்கப்பட்டவை. அப்படி வளர்த்தால் சீக்கிரம் வளரும், பாசி பிடிக்காது, நத்தையும் வராது. ஆனால் காற்றில் விட்ட இலை தண்ணீருக்குள் நெடுநாள் தாக்குப்பிடிக்காது. தொட்டியில் வைத்ததும் செடி பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற புது இலைகளை விடத் தொடங்கும். கிரிப்டோகரைன் இன்னும் ஒரு படி மேல். கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்டி வகை இலங்கையின் ஓடைகளைச் சேர்ந்தது. தண்ணீர் மாறினாலும் வெளிச்சம் மாறினாலும், இடம் மாற்றி நட்டாலும்கூட, கோபித்துக்கொண்டு மொத்த இலையையும் கொட்டிவிடும்.

செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். இலைக்காம்புகள் சேரும் அடித்தண்டை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நசுங்கி நாற்றம் அடித்தால்தான் எடுத்துப் போட வேண்டும். கரையும் இலைகளைக் கத்தரியால் அடியோடு வெட்டி வெளியே எடுங்கள், உள்ளேயே அழுகவிட்டால் அம்மோனியா ஏறும். வெட்டிய பிறகு தொட்டி மொட்டையாகத் தெரியும், பரவாயில்லை. நடுவிலிருந்து சின்னதாக, கொஞ்சம் வேறு நிறத்தில் ஒரு துளிர் வரும். அதுதான் தண்ணீருக்குள் பிறந்த இலை, இனி அது நிற்கும்.

இலையே இல்லாத செடிக்கு உரம் ஊற்றினால் அதைச் சாப்பிடப்போவது பாசிதான். துளிர் வந்த பிறகு, வேர்ப்பக்கம் மணலுக்குள் புதைக்கும் உர மாத்திரை இரண்டு மூன்று வையுங்கள். ஸ்வார்டும் கிரிப்டோகரைனும் வேர் வழியாகவே அதிகம் சாப்பிடும். அந்த ஒன்றுக்குச் செலவு செய்யலாம். கார்பன் டை ஆக்சைடு இல்லாமலே இந்த இரண்டும் நன்றாக வளரும். சிவப்பு ரொட்டாலா, தரையில் புல்வெளி மாதிரி படரும் செடி என்று ஆசை வரும்போது சிலிண்டரைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: மீன் கடையில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்திருந்த செடிகளைத்தான் வாங்கினேன். ஒரு மாதத்தில் எல்லாம் அழுகிவிட்டன. என் தவறு என்ன? (மதுரை வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பவை லக்கி பாம்பூ, சிங்கோனியம், ஊதா இலை ஹெமிகிராஃபிஸ். மூன்றும் தரைச் செடிகள். முழுக்க மூழ்கினால் சில வாரம் பச்சையாக நடித்துவிட்டு அழுகும். தண்ணீருக்குள் வைத்து விற்பதால் அது நீர்ச்செடி ஆகிவிடாது. கடையில் பெயரைக் கேளுங்கள், அங்கேயே போனில் தேடிப் பாருங்கள். பெயர் சொல்லத் தெரியாத கடையில் செடி வாங்காதீர்கள். மீன் வாங்கலாம், அது வேறு.

புதுத் தொட்டிக்கு விலை குறைந்த, வேகமாக வளரும் செடிகளே முதல் தேவை. வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, வாட்டர் ஸ்ப்ரைட் எல்லாம் கட்டுக் கணக்கில் கிடைக்கும். வேலம்பாசி இன்னும் மலிவு. பகோபா என்ற பெயரில் விற்பதில் ஒரு வகை நம் வயல் ஓரத்து நீர்ப்பிரமியேதான். முதல் நாளே தரையின் பெரும்பகுதி மறையும் அளவுக்கு நடுங்கள். ஒரு விலை உயர்ந்த செடியை நடுவில் வைத்துச் சுற்றிலும் வெறும் மணல் விட்டால் அந்த இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

கட்டாக வாங்கினால் அடியில் சுற்றியிருக்கும் ஈயப் பட்டையை எடுத்துவிடுங்கள். பலர் அப்படியே புதைத்துவிடுகிறார்கள். பட்டைக்கு உள்ளே தண்டு நசுங்கி, அங்கிருந்து அழுகி, ஒரு வாரத்தில் மேல்பாதி மட்டும் மிதக்கும். தண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, விரலிடை விட்டு நடுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் எதிர்முறை: கிழங்கு போன்ற தண்டை மணலில் புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள்.

கேள்வி: தொட்டி வாங்கிய அன்றே கடையில் பத்து மீன் கொடுத்தார்கள். ஆறு செத்துவிட்டன. பாக்டீரியா பாட்டில் ஊற்றினேன், டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். மீட்டரில் எண் சரியாகத்தான் இருக்கிறது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. பிறகு ஏன்? (கோவை வாசகர்)

பதில்: டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். மீனைக் கொல்லும் அளவு அம்மோனியா இருந்தாலும் அந்த எண்ணில் வித்தியாசம் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. நீங்கள் வாங்கியிருக்க வேண்டியது அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட். தொட்டி விற்கும் கடைக்காரர் இதை வாங்கச் சொல்வது அபூர்வம், ஏனென்றால் கிட் இருந்தால் அன்றைக்கே மீன் விற்க முடியாது.

மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு மோசமில்லை, செடியும் எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியா ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் ஊர் போர் தண்ணீரில் இன்னொரு சிக்கல் உண்டு. பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் நேரடி விஷமாக இருக்கும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். வெயில் காலத்தில் இன்னும் கூடும்.

பாட்டில் பாக்டீரியாவில் நல்லதும் உண்டு, காலாவதியாகி அலமாரியில் வெந்ததும் உண்டு. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அதைவிட நம்பகமானது, காசில்லாதது: ஆரோக்கியமான பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கு ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். பல வாரம் மிச்சம்.

மீதி நான்கு மீனைக் காப்பாற்ற, கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தென்படாமல் போகும் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து கட்டாயம். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்ஃபேட், அதாவது பழைய ஸ்டுடியோக்காரர்களின் ஹைப்போ. எனவே பளபளக்கும் லேபிளுக்கு அதிக விலை தர வேண்டியதில்லை. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவையும் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும். மாதாமாதம் புதுப் பஞ்சு போடச் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா? ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே, அதை? (வேளச்சேரி வாசகர்)

பதில்: வெளியேறும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. தனி ஆர்ஓ தண்ணீரும் சரிவராது, செடிக்கும் மீனுக்கும் வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் போய்விடும். போர் தண்ணீர் ரொம்பக் கடினம் என்றால் அதையும் ஆர்ஓ தண்ணீரையும் பாதிப் பாதி கலக்குங்கள். ஆனால் ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்ப மட்டும் ஆர்ஓதான் நல்லது. ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கிறது. அதன்மேல் மறுபடி போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். டிடிஎஸ் மீட்டருக்கு உண்மையான வேலை இங்கேதான்.

கேள்வி: கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பு நிறப் பொடி படிகிறது. டேங்க் கிளீனர் மீன் வாங்கி விடச் சொல்கிறார்கள். (திருச்சி வாசகர்)

பதில்: அது டயாட்டம் என்னும் பழுப்புப் பாசி. புதுத் தொட்டியில் வரும், சில வாரத்தில் தானே போகும். விரலால் தேய்த்தாலே உதிரும். விளக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். பிளக் பாயிண்டில் செருகும் டைமர் ஒன்று வாங்குங்கள், இந்தப் பக்கத்தில் நான் தயங்காமல் வாங்கச் சொல்லும் பொருள் அதுதான். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் தொட்டியை நகர்த்துங்கள்.

டேங்க் கிளீனர் என்று விற்பது பெரும்பாலும் சக்கர் மீன். விரல் அளவில் வாங்குவீர்கள், ஓரடிக்கு மேல் வளரும். வளர வளரப் பாசியை மறந்து, நட்ட செடியைப் புரட்டிப் போடும், நீங்கள் போடும் தீனியைத்தான் எதிர்பார்க்கும். பிறகு வைத்திருக்க முடியாமல் ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். அப்படி விட்டு விட்டுத்தான் நம் நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. செடி வெட்டிய கழிவையும் கால்வாயில் போடாதீர்கள், ஆகாயத்தாமரையை அள்ளி முடியவில்லை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய செடி பார்சலைப் பிரித்தால் குழகுழவென்று அழுகல். உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை என்று விற்றவர் கைவிரிக்கிறார். (சேலம் வாசகர்)

பதில்: அப்படி எழுதி வைத்துவிட்டால் பொறுப்பு முடிந்துவிடாது. 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பார்சல் பிரிக்கும்போதே முகவரிச் சீட்டு தெரியும்படி எடுத்த வீடியோ இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். இனி வாங்கும்போது திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள், ஞாயிறு கூரியர் கிடங்கில் செடி வேகாது.

கேள்வி: மே மாதம் வருகிறது. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின் வாங்க வசதியில்லை. (சென்னை வாசகர்)

பதில்: சில்லர் தேவையுமில்லை. மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேனை வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி குறையும். மீன் துள்ளுமானால் மேலே வலை போடுங்கள். விளக்கை மாலைக்கு மாற்றுங்கள். கரண்ட் கட் அடிக்கடி வரும் பகுதி என்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதிலும் இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து நின்றால் முதலில் பம்பைப் போடுங்கள், மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.