கிரேட்ஸ்கூல்ஸில் பத்துக்குப் பத்து என்றால் போதுமா? கவுண்டி மாறுகிறவர்கள் கேட்டவை

கோடை விடுமுறைக்குள் வீடு மாற நினைப்பவர்களின் கேள்விகள் மார்ச் மாதமே வரத் தொடங்கிவிடும். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அந்த கவுண்டியில் ஸ்கூல் எல்லாம் எப்படி?" (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி.) பள்ளிகளுக்குப் பத்துக்கு மார்க் போடுகிற கிரேட்ஸ்கூல்ஸ் தளம் தொடங்கி, அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றிய புள்ளிவிவரம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, காசும் கிடையாது, ஆனால் எந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் பார்த்தால் வாடகைதான் ஏறும். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: கணவருக்கு டெக்சாஸின் டாலஸிலும் வட கரோலினாவின் ராலியிலும் வேலை கிடைத்திருக்கிறது. காலின் கவுண்டிக்குப் போவதா, வேக் கவுண்டிக்குப் போவதா? மூன்றாவதும் ஆறாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். இரண்டு மாநில ரிசல்ட்டையும் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், டெக்சாஸ்தான் மேலே வருகிறது.

முதலில் அந்த எக்செல்லை மூடிவிடுங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்வு வைத்து முடிவை வெளியிட வேண்டும் என்பது 2015-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், ஆனால் தேர்வும் பாஸ் மார்க்கும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம். டெக்சாஸின் ஸ்டார் தேர்வில் 'அப்ரோச்சஸ்' என்ற படியைத் தொட்டாலே பாஸ். வகுப்புக்கு உரிய தரத்தை எட்டினான் என்பதற்கு அடுத்த படியான 'மீட்ஸ்' வேண்டும். வட கரோலினாவில் மூன்றாம் நிலை என்றால்தான் வகுப்புத் தரம், அதற்குக் கீழே எல்லாம் ஒரே கூடை. நீங்கள் எடுத்தது அப்ரோச்சஸ் சதவீதம் என்றால் டெக்சாஸ் மேலே தெரியாமல் வேறு என்ன தெரியும்?

மாநிலம் தாண்டி ஒப்பிட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எஜுகேஷனல் ஆப்பர்சூனிட்டி புராஜெக்ட் பக்கத்துக்குப் போங்கள். ஐம்பது மாநிலத் தேர்வுகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, தேசிய சராசரியைவிட எத்தனை வகுப்பு முன்னால், எத்தனை வகுப்பு பின்னால் என்று வரைபடத்தில் காட்டுகிறார்கள். பள்ளி, டிஸ்ட்ரிக்ட் (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்), கவுண்டி மூன்று அளவிலும் பார்க்கலாம். நேப் என்ற தேசியத் தேர்வைப் பற்றியும் செய்திகளில் படித்திருப்பீர்கள், அது மாநிலம் பற்றிப் பேச உதவும், சில பெரிய நகர டிஸ்ட்ரிக்டுகளைத் தவிர அதற்குக் கீழே இறங்காது.

அப்புறம் முக்கியமான விஷயம். டெக்சாஸில் பள்ளிகளை நடத்துவது கவுண்டி இல்லை, ஐஎஸ்டி என்ற தனி டிஸ்ட்ரிக்ட். ஃபிரிஸ்கோ ஐஎஸ்டி காலின், டென்டன் இரண்டு கவுண்டிகளிலும் பரந்து கிடக்கிறது, பிளேனோ, மெக்கின்னி ஊர்களின் சில பகுதிகளும் அதற்குள் வரும். அதே சமயம் ஃபிரிஸ்கோ என்று முகவரி போட்ட வீடு பிராஸ்பர் ஐஎஸ்டியிலோ லூயிஸ்வில் ஐஎஸ்டியிலோ இருக்கலாம். ஆக காலின் கவுண்டி சராசரி என்பது உங்கள் பிள்ளையின் பள்ளியைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது. வட கரோலினாவில் நிலைமை நேர்மாறு, வேக் கவுண்டி முழுக்க ஒரே டிஸ்ட்ரிக்ட், ஒன்றரை லட்சம் பிள்ளைகளுக்கு மேல். அங்கே சிக்கல் வேறு மாதிரி. கேரி, ஏபெக்ஸ், மாரிஸ்வில் பக்கம் கூட்டம் தாங்காமல் சில பள்ளிகளுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் முகவரிக்கு உரிய பள்ளி அந்தப் பட்டியலில் இருந்தால், புதிதாகக் குடிவருகிற பிள்ளைக்கு 'ஓவர்ஃப்ளோ' என்று வேறொரு பள்ளியைக் கொடுப்பார்கள். அந்த நல்ல ரேட்டிங்கைப் பார்த்துத்தான் வாடகை கொடுத்திருப்பீர்கள், பிள்ளை போவது வேறு பள்ளிக்கு. வேக் டிஸ்ட்ரிக்ட்டின் தளத்தில் முகவரியைப் போட்டால் உரிய பள்ளி தெரியும், அதற்கு வரம்பு இருக்கிறதா என்று கூடவே பாருங்கள். சில பள்ளிகள் ஆண்டு முழுக்க நடப்பவை, 45 நாள் பள்ளி, 15 நாள் லீவு என்று நான்கு டிராக். இந்தியாவுக்கு இரண்டு மாதம் போய் வருகிற பழக்கம் இருந்தால் இதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வீடு 9 ரேட்டிங் பள்ளிக்கு, இன்னொன்று 6 ரேட்டிங். வாடகையில் மாதம் 700 டாலர் வித்தியாசம். 9-க்கே போகலாமா?

அந்த 9 எதைக் கூட்டி வந்த 9 என்று திறந்து பாருங்கள். கிரேட்ஸ்கூல்ஸ் எண்ணை அழுத்தினால் உள்ளே தேர்வு மதிப்பெண் தனியாக, வளர்ச்சி தனியாக இருக்கும். மதிப்பெண் சராசரி பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும்தான் காட்டுகிறது. இரண்டு பேரும் முதுகலை படித்து சாஃப்ட்வேரில் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில், வாத்தியார் சுமாராக நடத்தினாலும் மார்க் வந்துவிடும், மீதியைக் குமான், ரஷ்யன் மேத் போன்ற டியூஷன் சென்டர்கள் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் தன் பங்குக்கு என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் வளர்ச்சி எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதாவது ஒரே பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு நகர்ந்தார்கள் என்பது.

ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் 2017-இல் இப்படித்தான் சிகாகோவைக் கவனித்தார். 2009-இலிருந்து 2014 வரையிலான கணக்கு. மூன்றாம் வகுப்பில் சிகாகோ பிள்ளைகள் தேசிய சராசரிக்கு நன்றாகவே கீழே, ஆனால் எட்டாம் வகுப்புக்குள் ஐந்து வருடத்தில் ஆறு வருடப் பாடத்துக்கு இணையாக முன்னேறியிருந்தார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறவர் அந்த நகரத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

மாநிலங்கள் தரும் எழுத்துத் தரத்திலும் இதே கோளாறு உண்டு. வட கரோலினாவின் ஏ முதல் எஃப் வரையிலான கிரேடில் 80 சதவீதம் மதிப்பெண், 20 சதவீதம்தான் வளர்ச்சி. நியூ ஜெர்சி அறிக்கைகளில் வளர்ச்சியைத் தனியாகவே போடுகிறார்கள், 50 என்றால் நடுத்தரம். கலிஃபோர்னியா எழுத்தே கொடுப்பதில்லை, சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து நிறம், போன வருடத்தைவிட ஏறியதா இறங்கியதா என்பதும் நிறத்தில் சேரும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 6-இன் வளர்ச்சி எண் 9-இன் வளர்ச்சிக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால், நான் 700 டாலரைப் பையில் போட்டுக்கொள்வேன். வருடத்துக்கு 8,400 டாலர் ஆகிறது. ஆனால் ஒரே வருட எண்ணை நம்ப வேண்டாம், மூன்று வருடம் சேர்த்துப் பாருங்கள், சின்னப் பள்ளிகளில் அது குதிக்கும். இன்னொன்று, க்ரானிக் ஆப்சென்டீயிசம் என்று ஒரு வரி இருக்கும், பள்ளி நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளின் விகிதம். ரேட்டிங்கைவிட அந்த வரியை நான் அதிகம் மதிக்கிறேன், காரணம் அதை டியூஷன் வைத்து உயர்த்த முடியாது.

இலவச மதிய உணவு சதவீதத்தை வைத்து ஏழ்மையைக் கணிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பல பள்ளிகள் இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகவே போடுகின்றன, அப்படிப்பட்ட இடத்தில் 100 என்று பார்த்துப் பயந்துவிடுவீர்கள்.

கேள்வி: ஜார்ஜியாவில் ஆல்ஃபரெட்டாவில் வீடு பார்த்திருக்கிறோம். ஃபுல்டன் கவுண்டி ரிசல்ட் சுமார்தான், தோழியோ ஆல்ஃபரெட்டா பள்ளிகள் பிரமாதம் என்கிறாள். யாரை நம்புவது?

தோழியையும் நம்பலாம், ஃபுல்டன் எண்ணையும் நம்பலாம், ஆனால் உங்கள் வீடு ஃபுல்டனில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆல்ஃபரெட்டா நகரம் ஃபுல்டனில், ஆனால் ஆல்ஃபரெட்டா என்று தபால் முகவரி போட்ட ஏராளமான வீடுகள் பக்கத்து ஃபோர்சைத் கவுண்டியைச் சேர்ந்தவை. டென்மார்க் ஹைஸ்கூல் முகவரி ஆல்ஃபரெட்டா, பள்ளி ஃபோர்சைத்துடையது. தபால் ஊரின் பெயரை வைத்து முடிவெடுக்காமல் சொத்துவரி ரசீது எந்த கவுண்டியிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

ஃபுல்டன் சராசரியைப் பொறுத்தவரை, அந்த கவுண்டியின் வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். நடுவில் அட்லாண்டா நகரம் தனி டிஸ்ட்ரிக்டாக உட்கார்ந்திருக்கிறது, வடக்கே ஜான்ஸ் கிரீக் வட்டாரம், தெற்கே வேறொரு உலகம், இரண்டையும் கூட்டி வகுத்தால் வருகிற எண் எந்தப் பள்ளியுடையதும் அல்ல.

கேள்வி: பள்ளியில் சேர்க்கும்போது 'வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்' என்று ஒரு படிவம் தருகிறார்களாம். தமிழ் என்று போட்டால் பிள்ளையை இஎஸ்எல்லில் (ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கான தனி வகுப்பு) தள்ளிவிடுவார்கள், இங்கிலீஷ் என்றே போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

உண்மையைப் போடுங்கள். அது ஹோம் லாங்குவேஜ் சர்வே. தமிழ் என்று எழுதியதும் யாரும் தள்ளிவிடுவதில்லை, ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், ஜார்ஜியா, வட கரோலினா, வர்ஜீனியா, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் விடா என்ற அமைப்பின் தேர்வு, பேசுவது, கேட்பது, படிப்பது, எழுதுவது என நான்கும் உண்டு. நன்றாகச் செய்தால் அன்றோடு முடிந்தது. செய்யவில்லை என்றால் தனி உதவி கிடைக்கும், அது தண்டனை இல்லை, சென்னையிலிருந்து நேராக நான்காம் வகுப்பில் வந்து உட்காருகிற பிள்ளைக்கு வாரம் சில மணி நேரம் தனி டீச்சர் கிடைப்பதை ஏன் வேண்டாம் என்கிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அந்த வகுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு, ஆனால் தேறும்வரை வருடாவருடம் அந்தத் தேர்வு மட்டும் தொடரும். இங்கேயே பிறந்து, ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற குழந்தை கிண்டர்கார்டனில் கூச்சத்தில் வாய் திறக்காமல் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவதும் நடக்கிறது, முந்தின நாள் குழந்தையிடம் "நாளைக்கு ஒரு மிஸ் கேள்வி கேட்பாங்க, முழுசா பதில் சொல்லணும்" என்று சொல்லி அனுப்புங்கள், அது போதும்.

இதில் புள்ளிவிவரமும் இருக்கிறது. மாநில ரிப்போர்ட் கார்டில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் ஆண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்று தனி வரி போட்டே ஆக வேண்டும். புதிதாக வந்த குடும்பத்துக்குப் பள்ளியின் மொத்த ரேட்டிங்கைவிட அந்த வரிதான் பயன்.

கேள்வி: மகனுக்கு ஆட்டிசம், ஐஈபி (அவனுக்கென்று பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) இருக்கிறது. சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் குறைவாக இருக்கிற டிஸ்ட்ரிக்ட் நல்லதுதானே?

இல்லை. நாடு முழுக்கப் பார்த்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 15 சதவீதம் பேர் சிறப்புக் கல்வி பெறுகிறார்கள். ஒரு டிஸ்ட்ரிக்ட் அதைவிட ரொம்பக் கீழே இருந்தால் தேவைப்படுகிற பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் இருக்கிறதோ என்றுதான் நான் சந்தேகப்படுவேன். டெக்சாஸில் பல ஆண்டுகள் 8.5 சதவீதம் என்ற இலக்கை வைத்து டிஸ்ட்ரிக்டுகளை அளந்தார்கள், 2016-இல் ஒரு நாளிதழ் அதை வெளியே கொண்டுவந்தது, 2018-இல் மத்திய கல்வித் துறை அது சட்டமீறல் என்று சொன்னது.

நீங்கள் பார்க்க வேண்டிய எண், ஐஈபி உள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் நாளின் 80 சதவீதத்துக்கு மேல் சாதாரண வகுப்பில் இருக்கிறார்கள் என்பது. மாநிலக் கல்வித் துறை டிஸ்ட்ரிக்ட் வாரியாக வெளியிடும். மத்திய அரசின் சிவில் ரைட்ஸ் தரவில் பிள்ளைகளைப் பிடித்து அடக்கியது, தனி அறையில் வைத்தது எத்தனை தடவை என்று பள்ளி வாரியாகவே இருக்கிறது, படிக்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் படியுங்கள். சில பள்ளிகள் பூஜ்யம் என்றே எழுதி அனுப்புவதால் பூஜ்யத்தைக் கண்டு மயங்க வேண்டாம். வர்ஜீனியாவிலும் நியூ ஜெர்சியிலும் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் சிறப்புக் கல்விக்கான பெற்றோர் ஆலோசனைக் குழு இருந்தாக வேண்டும், அந்தப் பெற்றோரிடம் பேசினால் தளத்தில் இல்லாதது எல்லாம் வரும். வேறு மாநிலம் போனாலும் இருக்கிற ஐஈபிக்கு இணையான உதவியைப் புதிய டிஸ்ட்ரிக்ட் உடனே தந்தாக வேண்டும், புதிதாக மதிப்பிடும்வரை காத்திருங்கள் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. ஐஈபி நகலைக் கைப்பையில் வையுங்கள், மூவர்ஸ் பெட்டியில் வேண்டாம்.

கேள்வி: மகளை வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் ஹைஸ்கூலில் சேர்க்க வேண்டும். லவுடன் கவுண்டியா, ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியா?

இரண்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஆனால் 2020-இல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மிடில் ஸ்கூலின் எட்டாம் வகுப்பிலும் 1.5 சதவீதத்துக்கு இடம் என்று மாற்றிவிட்டார்கள், எதிர்த்துப் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அதனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் குவிந்த மிடில் ஸ்கூல் வட்டாரத்தில் தேடிப்போய் வீடு வாங்கினால் உங்கள் மகளுக்குப் போட்டிதான் கூடும். எட்டாவதே முடிக்காத பெண்ணுக்காக ஒரே ஒரு பள்ளியை நம்பி 30 வருட மார்ட்கேஜ் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: மகன் செப்டம்பர் 15-இல் பிறந்தவன். ஆகஸ்டில் கிண்டர்கார்டன் சேர்க்கலாமா?

வர்ஜீனியாவில் செப்டம்பர் 30-க்குள் ஐந்து நிரம்பினால் போதும், சேர்க்கலாம். டெக்சாஸ், ஜார்ஜியா, கலிஃபோர்னியாவில் செப்டம்பர் 1, வட கரோலினாவில் ஆகஸ்ட் 31. ஆக அங்கெல்லாம் அடுத்த வருடம்தான்.

கேள்வி: ரியல்டரிடம் (வீட்டுத் தரகர்) ஸ்கூல் நல்லதா என்று கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறார். வெப்சைட்டைப் பாருங்கள் என்று லிங்க் அனுப்புகிறார்.

அவர் மேல் தப்பில்லை. 1968-இன் ஃபேர் ஹவுசிங் சட்டப்படி இனம், மதம், பிறந்த நாடு போன்றவற்றை வைத்து வாங்குகிறவரை ஒரு பக்கம் தள்ளிவிடக் கூடாது. பள்ளி நல்லது, கெட்டது என்பது சுற்றிவளைத்து அங்கேதான் போய் நிற்கும் என்று அவர்களுக்குப் பயம். கருத்தைக் கேட்காமல் தகவலைக் கேளுங்கள்: இந்த மனைக்கு இந்த வருடம் எந்த எலிமென்டரி, எந்த மிடில், எந்த ஹை, கடைசியாக எல்லையை எப்போது மாற்றினார்கள், பக்கத்தில் எத்தனை புது வீடுகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் கூடினால்தான் எல்லை மாறும் என்று இல்லை, பிள்ளைகள் குறைந்ததால் பிளேனோ ஐஎஸ்டி 2025-இல் நான்கு பள்ளிகளை மூடியது. இதற்கெல்லாம் ரியல்டரையே நம்பியிருக்க வேண்டாம், ஸ்கூல் போர்டு கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் இருக்கும். கடந்த ஒரு வருட நிரலில் 'பவுண்டரி' என்ற சொல்லைத் தேடி, உங்கள் பள்ளியின் பெயர் அடிபடுகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.