வண்ணத் தொட்டி வைத்தும் வளாகத்தில் குப்பை குறையவில்லையே, ஏன்?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் விடுதி, மெஸ், கேண்டீன் எல்லாம் உண்டு. வண்ண வண்ணமாகத் தொட்டிகள் வைத்தோம். எல்லாவற்றிலும் எல்லாமே கலந்து கிடக்கிறது. புதிதாகப் போட்ட உரக்குழியோ நாறுகிறது. மாணவர் குழுவாக நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தராசிலிருந்து. தொட்டிக்கு வந்து சேர்ந்த பிறகு குப்பையைப் பிரிக்கலாமே தவிர, குறைக்க முடியாது. அது எங்கே உண்டாகிறது என்று தெரிந்தால்தான் குறைக்க வழி பிறக்கும். விடுதியுள்ள வளாகங்களில் எடையில் பெரும்பங்கு பெரும்பாலும் மெஸ்ஸிலிருந்தே வரும். அதனால் முதல் வேலை அங்கேதான்.

ஏழு நாள் தொடர்ந்து எடைபோடுங்கள். விடுமுறை நாளும் அதற்குள் வரட்டும்; தேர்வு வாரம் வேண்டாம். மூன்று வாளி வையுங்கள்: காய் நறுக்கும்போது விழும் தோலும் காம்பும் ஒன்றில், சமைத்தும் பரிமாறாமல் அண்டாவில் தங்கியது இன்னொன்றில், தட்டில் மிஞ்சியது மூன்றாவதில். காலி வாளியின் எடையைக் கழிக்க மறப்பதும், தட்டோடு வரும் காகிதக் கைக்குட்டையையும் கப்பையும் சேர்த்து நிறுத்துவிடுவதும் வழக்கமான பிழைகள். வந்த எடையைச் சாப்பிட்டவர் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். 1,500 பேர் உண்ட வேளையில் தட்டில் மிஞ்சியது 90 கிலோ என்றால், தலைக்கு 60 கிராம். இந்த எண்தான் உங்கள் அளவுகோல். மொத்தக் கிலோவை மட்டும் பார்த்தால், பாதிப்பேர் ஊருக்குப் போன வாரத்தில் சாதித்துவிட்டதாகத் தோன்றும்.

மூன்று வாளிக்கும் மருந்து வேறு வேறு. அண்டாவில் மிஞ்சினால், தலைக்கணக்கு தப்புகிறது என்று பொருள். சாப்பிட வருகிறீர்களா என்பதை முந்தைய நாள் மாலைக்குள் பதிவு செய்யச் சொல்லுங்கள். கடைசி அரைமணி நேரத்துக்கு வேண்டியதைச் சிறு சிறு ஈடாகச் சமைக்கட்டும். தட்டில் மிஞ்சினால் கரண்டியைப் பாருங்கள். சிறிய கரண்டியால் முதலில் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் முகம் சுளிக்காமல் மறுபடி போட வேண்டும். அந்த இரண்டாம் பாதி நடக்காவிட்டால், அடுத்த நாளிலிருந்து எல்லாரும் முதலிலேயே நிறையக் கேட்பார்கள். பெரிய டிரே இருந்தால் எடுத்துவிடுங்கள். தூக்க முடிந்ததையெல்லாம் அள்ளி வைக்கும் பழக்கம் குறையும். குறிப்பிட்ட ஒரு பதார்த்தம் மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறதென்றால், குறை மாணவரிடம் இல்லை, சமையலில் இருக்கிறது. சுவரொட்டி ஒட்டி அதைச் சரிசெய்ய முடியாது.

இனி உரக்குழி. சமைத்த உணவில் நீரும் நைட்ரஜனும் மிகுதி. தனியே கொட்டினால் இறுகிப்போய்க் காற்றில்லாமல் அழுகும். கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். கையளவில் சொன்னால், ஒரு வாளி உணவுக் கழிவுக்கு, கார்பன் மிகுந்த காய்ந்த இலை இரண்டு மூன்று வாளி. கழிவைச் சல்லடையில் வடித்துவிட்டுப் போடுங்கள். கொட்டியதும் மேலே இலையால் மூடுங்கள், ஈ மொய்க்காது. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். 55 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். 65-ஐ மீறினால் புரட்டிவிடுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை. மூக்கை எரிக்கும் அம்மோனியா வாடை என்றால் இலை போதவில்லை. வாடையே இல்லை, சூடும் இல்லை என்றால் காய்ந்துபோயிருக்கலாம்: ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள், ஓரிரு சொட்டு கசிந்தால் ஈரம் சரி.

பலர் கோட்டைவிடுவது இலைக் கையிருப்பில். உணவுக் கழிவு தினமும் வரும். இலை ஒரு பருவத்தில்தான் கொட்டும். கூட்டியதை எரித்துவிடாமல் மழை படாத இடத்தில் மூட்டையாகச் சேர்த்து வையுங்கள். ‘மக்கும்’ என்று அச்சிட்ட பிளாஸ்டிக் கப்பை மட்டும் இந்தக் குழியில் போடாதீர்கள். அவற்றில் பல, ஆலை உரக்கூடத்தில் நாள்கணக்கில் நீடிக்கும் சூட்டில்தான் சிதையும்.

தொட்டிக்கு வருவோம். நிறத்தை யாரும் நின்று படிப்பதில்லை. திறப்பின் வடிவம்தான் கையை நிறுத்தும். பாட்டிலுக்கு வட்டத் துளை, காகிதத்துக்கு ஒடுங்கிய பிளவு. எந்தத் தொட்டியும் தனியே நிற்கக் கூடாது. தனியே நிற்பது பொதுக் குப்பையாகிவிடும். வகுப்பறைக்குள் இருப்பவற்றை எடுத்து, நடைவழி முனையில் ஜோடியாக வையுங்கள். அதற்கு முன், மாலையில் தள்ளுவண்டியின் பின்னால் ஒருநாள் நடந்து பாருங்கள். பிரித்ததெல்லாம் ஒரே வண்டியில் விழுகிறதென்றால், முதலில் மாற்ற வேண்டியது வண்டியைத்தான். துப்புரவுப் பணியாளர்களிடம் கேட்காமல் போட்ட திட்டம் அங்கேதான் உடைகிறது.

கேண்டீனில், சொந்தக் கப் கொண்டுவந்தால் தள்ளுபடி என்பதைவிட, ஒருமுறைக் கப்புக்குத் தனிக்கட்டணம் என்பதே பலிக்கும். காகிதக் கப்பின் உட்புறத்தில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதைப் பழைய காகிதத்தோடு சேர்க்காதீர்கள். அச்சுப்பொறிகளில் இருபக்க அச்சை இயல்பமைப்பாக வைக்கச் சொல்லிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. லித்தியம் பேட்டரிகளை எந்தத் தொட்டியிலும் விழ விடாதீர்கள். வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

விடுதி காலியாகும் வாரம் மட்டும் தனிக்கதை. வாளி, மெத்தை, மேசை விளக்கு, புத்தகம் என நல்ல நிலையில் உள்ளவை மலையாகக் குவியும். கடைசி நாளில் சேகரித்தால் கலந்து நனைந்து வீணாகும். இரண்டு வாரம் முன்பே பூட்டுள்ள ஓர் அறையைக் கேட்டு வாங்குங்கள். துடைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்து, சீட்டு ஒட்டி வைத்தால் புதிதாகச் சேர வருபவர்கள் முதல் நாளே எடுத்துக்கொள்வார்கள்.