மினி எக்ஸ்கவேட்டரில் நிலம் சமன்படுத்துதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டை ஒட்டிய காலி மனையைச் சமன்படுத்த மினி எக்ஸ்கவேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டினேன். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிய பிறகும் தரை அலை அலையாகவே கிடக்கிறது. திருத்தத் திருத்த நிலம் தாழ்ந்துகொண்டே போகிறதே தவிர, மட்டம் வரவில்லை. கை பழகாததுதான் காரணமா?

பதில்: கைப்பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வண்டி நிற்கும் இடத்தை. வண்டியின் சாய்வு எதுவோ, அதுவே பக்கெட் வழியாகத் தரையில் பதிகிறது. இரண்டு செயின்களுக்கும் (சக்கரத்துக்குப் பதிலாக வண்டி ஓடும் பட்டைகள்) இடையே 1.5 மீட்டர் அகலம் உள்ள வண்டியில் ஒரு செயின் 3 செ.மீ. உயரமாக நின்றால், நேர் முன்னால் நீட்டிய 1 மீட்டர் அகலப் பக்கெட்டின் ஒரு முனை மற்றதைவிட 2 செ.மீ. கீழே இறங்கி வெட்டும். அப்படி வெட்டிய இடத்தின் மேலேயே வண்டியை நகர்த்தி அடுத்த வெட்டைத் தொடங்கினால், கோணல் கோணலாகவே வளரும். ஆகவே முதலில் ஒரு மூலையில் வண்டி நிற்கும் அளவுக்கு மட்டும் ஓர் இடத்தைப் பொறுமையாகச் சமன் செய்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அதன்மேல் வண்டியை நிறுத்துங்கள். பிறகு பின்னோக்கி நகர்ந்தபடியே வேலை செய்யுங்கள். முடித்த தரையில் செயின் மறுபடி ஏறக் கூடாது. பின்னால் வண்டி அடுத்து நிற்கப்போகும் இடத்தையும் அவ்வப்போது திரும்பிச் சீர்செய்துகொள்ள வேண்டும்.

இனி கை விஷயம். பக்கெட்டைத் தாங்கும் முன்கையான ஆர்மை மட்டும் உள்ளே இழுத்தால் பக்கெட் நேர்கோட்டில் வராது, வில்லாக வரும். நீட்டிய ஆர்ம் செங்குத்தாகும் வரை பக்கெட்டின் விளிம்பு கீழே இறங்கும், அதைத் தாண்டியதும் மேலே ஏறும். எனவே முதல் பாதியில் வண்டியோடு இணைந்த பெரிய கையான பூமைச் சிறிது சிறிதாகத் தூக்கியும், பின்பாதியில் மெல்லத் தாழ்த்தியும் கொடுக்க வேண்டும். கூடவே வெட்டும் கோணம் மாறாதபடி பக்கெட்டையும் திருப்ப வேண்டும். மூன்றும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டியிருப்பதால், எஞ்சின் வேகத்தைக் குறைத்து, ஒரு தடவைக்கு 2 அல்லது 3 செ.மீ. மட்டும் சீவுங்கள். செயினுக்கு மிக அருகே வரை இழுக்காதீர்கள். அங்கே கட்டுப்பாடு குறையும். பல் வைத்த பக்கெட் கோடு கோடாகக் கீறிவிடும் என்பதால், பல் இல்லாத அகலமான பக்கெட் கிடைத்தால் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கண் மதிப்பை மட்டும் நம்புவது வீண் வேலை. 2 அல்லது 3 மீட்டருக்கு ஒன்றாக முளை அடித்து, நீர் நிரப்பிய டியூப் மட்டத்தாலோ லேசர் லெவலாலோ உயரம் குறித்து, நூல் கட்டிய பிறகே வண்டியை எடுங்கள். திருத்தத் திருத்த நிலம் தாழ்ந்துபோனது, எங்கே நிறுத்துவது என்ற குறி இல்லாததால்தான். சுவரை ஒட்டிய பகுதியில் முழு மட்டம் வேண்டவே வேண்டாம்: சுவரிலிருந்து வெளிப்புறமாக மீட்டருக்கு 2 செ.மீ. அளவாவது வாட்டம் (சரிவு) விட்டு நூல் கட்டுங்கள், இல்லையேல் மழைநீர் அடித்தளத்தில் தேங்கும். தோண்டும் முன் மண்ணுக்குள் மின்கம்பி, குடிநீர்க் குழாய் போன்றவை எங்கெங்கே போகின்றன என்று விசாரித்துவிடுவதும் கட்டாயம்.

கேள்வி: வண்டியின் முன்னால் இருக்கும் பிளேடாலேயே (மண் தள்ளும் தகடு) தள்ளிச் சமன் செய்ய முடியாதா?

பதில்: குவிந்த மண்ணைப் பரப்பப் பிளேடு போதும், மட்டம் கொண்டுவர அது சரியான கருவியன்று. செயின் ஒரு சிறு மேட்டில் ஏறும்போது பிளேடு தரையை விட்டு எழும்புகிறது, இறங்கும்போது மண்ணைக் குடைகிறது, அந்தக் குடைவில் செயின் இறங்கியதும் மறுபடியும் அதே கதை. உங்கள் மனையில் வந்த அலைகளில் பலவும் இப்படி வந்தவையாகவே இருக்கலாம். பக்கெட்டால் மட்டம் வந்த பிறகு, பிளேடைத் தாழ்த்திப் பின்னோக்கி இழுத்து மேற்பரப்பை வருடிவிடலாம். சில வண்டிகளில் பிளேடைத் தன் எடையிலேயே மிதக்கவிடும் வசதி உண்டு. அது அலையின்மேல் அலையாகவே தவழும் என்பதால், இந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே உதவும்.

கேள்வி: நிரப்பிய பகுதி ஒரே மழையில் அமுங்கிவிட்டது. மேலே மண் கொட்டினால் சரியாகுமா?

பதில்: அடியில் தளர்வாகக் கிடக்கும் வரை எத்தனை முறை கொட்டினாலும் அமுங்கும். தோண்டிய மண் சாதாரணமாக 20 முதல் 30 சதவீதம் வரை உப்பும். எனவே பள்ளம் நிறைந்ததுபோலத் தோன்றுவது ஓரளவு இடையில் புகுந்த காற்றின் வேலை. நிரப்பியதை எடுத்துவிட்டு, 15 செ.மீ. கனத்தில் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்குங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். சேறாக இருந்தால் இரண்டு நாள் காயவிடுங்கள். செடி வளர்க்கும் எண்ணம் இருந்தால், தொடக்கத்திலேயே வழித்து ஒதுக்கிய மேல்மண்ணைக் கடைசியாக, இறுக்காமல் பரப்ப வேண்டும்.