டெபியன் பேக்கேஜ்ல நாம போடுற பேட்ச்சுகளை கிட் பிராஞ்ச்ல எப்படி வெச்சுக்கறது?

கேள்வி கேட்டவர் சொல்றது இதுதான்: டெபியன்ங்கற லினக்ஸ்ல இருந்து ஒரு பேக்கேஜ் சோர்ஸை எடுத்து ஆபீஸ் தேவைக்கு பத்துப் பன்னெண்டு மாத்தம் பண்ணி சர்வர்ல ஓட்டுறாங்க, ஒவ்வொரு புது வெர்ஷன் வரும்போதும் மாஸ்டர்ல மெர்ஜ் பண்ணிப் பண்ணி இப்போ எது நம்ம கோடு எது அவங்க கோடுன்னே பிரிக்க முடியல, பிராஞ்ச் வெச்சு இதை ஒழுங்கு பண்ண வழி இருக்கான்னு.

இருக்கு. ஒரு காரணத்துக்கு ஒரு கமிட், அந்த கமிட் ஒரு பேட்ச் ஃபைல் (மாறின வரிகளை மட்டும் வெச்சிருக்கற ஃபைல்), அது எப்பவும் அப்ஸ்ட்ரீம் கோடுக்கு, அதாவது சாஃப்ட்வேரை முதல்ல எழுதினவங்க கோடுக்கு மேல தனியா நிக்கணும், புது வெர்ஷன் வந்தா அந்த அடுக்கை அப்படியே தூக்கி புதுசுமேல வைக்கணும், அதாவது மெர்ஜ் வேண்டாம் ரீபேஸ் பண்ணுங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா நான் முன்னாடி வேலை பார்த்த கம்பெனில மூணு வருஷம் நீங்க பண்ற மாதிரியேதான் பண்ணோம்.

அது ஒரு மெயில் சர்வர் பேக்கேஜ். ஒரு ஐபில இருந்து ஒரே நேரத்துல இத்தனை கனெக்‌ஷனுக்கு மேல வரக்கூடாதுன்னு நாங்க ஒரு சின்ன இஃப் கண்டிஷன் போட்டிருந்தோம், மொத்தம் ஒன்பது வரி. ஒரு அப்கிரேடுல அப்ஸ்ட்ரீம்காரங்க அந்த ஃபங்ஷனையே ரெண்டா உடைச்சு, பழையதை ஒப்புக்கு ஃபைல்ல விட்டு வெச்சிருந்தாங்க. மெர்ஜ்ல கான்ஃப்ளிக்ட் வந்துச்சு, நான்தான் தீர்த்தேன், எங்க ஒன்பது வரி பழைய ஃபங்ஷனுக்குள்ளயே பத்திரமா உட்கார்ந்துடுச்சு. கம்பைல் ஆச்சு, டெஸ்ட்டும் பாஸ் ஆச்சு. பதினோரு நாள் கழிச்சு ஒரு கஸ்டமரோட ஸ்கிரிப்ட் கனெக்‌ஷனா தொறந்து தள்ளி சர்வர் படுத்துச்சு. ராத்திரி பூரா தேடி, காலைல கூட இருந்த தம்பி ஒருத்தன்தான் ஸ்கிரீனைக் காட்டி, "அண்ணா, இந்த ஃபங்ஷனை இப்போ யாருமே கூப்பிடறதில்லையே"ன்னான். மெர்ஜ் கமிட்டோட டிஃப்பை யாரும் உட்கார்ந்து படிக்கறதில்லை, அதுக்குள்ள அப்ஸ்ட்ரீமோட ஆயிரக்கணக்கான வரி கிடக்கும், நம்ம ஒன்பது வரி அதுல எங்க தெரியப் போகுது.

அதே ஒன்பது வரி தனி பேட்ச்சா இருந்து ரீபேஸ் பண்ணியிருந்தா கான்ஃப்ளிக்ட் அந்த ஒரு கமிட்ல மட்டும் நின்னிருக்கும், கமிட் மெசேஜ்ல "ஒரு ஐபிக்கு கனெக்‌ஷன் லிமிட்"னு தலைக்கு மேலயே எழுதியிருக்கும், அப்போ புது ஃபங்ஷன்ல இது எங்க போகணும்னு யோசிச்சே ஆகணும்.

இந்த விஷயத்துல டெபியனுக்கே ஒரு பெரிய காயம் உண்டு. 2006 செப்டம்பர்ல ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கற என்கிரிப்ஷன் லைப்ரரி பேக்கேஜ்ல, இனிஷியலைஸ் ஆகாத மெமரியைப் படிக்குதுன்னு வந்த வார்னிங்கை நிறுத்தறதுக்காக ரெண்டு வரியை கமென்ட் பண்ணாங்க. அதுல ஒரு வரிதான் ரேண்டம் நம்பருக்கு வேண்டிய சரக்கை உள்ள சேர்க்கிற வரி. அது போனதும் ஒரு சாவியை இன்னொண்ணுல இருந்து வேறயாக்க மிச்சம் இருந்தது பிராசஸ் ஐடி மட்டும், அதிகபட்சம் 32,768. வெளிய தெரிஞ்சது 2008 மே 13, அதுக்குள்ள அந்த பேக்கேஜ்ல உருவான எஸ்எஸ்எச் சாவி, சர்ட்டிஃபிகேட் எல்லாத்தையும் தூக்கிப்போட்டு புதுசா பண்ண வேண்டியதாப் போச்சு. அப்போ இருந்த 1.0 சோர்ஸ் ஃபார்மட்ல பேக்கேஜர் பண்ற மாத்தம் எல்லாம் ஒரே டிஃப் ஃபைலா சுருண்டு போகும், வெளில இருந்து பார்க்கறவனுக்கு எது எதுக்குன்னு புரியாது. 3.0 குவில்ட் ஃபார்மட் வந்தப்புறம் டெபியன்/பேட்ச்சஸ் ஃபோல்டர்ல ஒவ்வொரு மாத்தமும் தனி ஃபைல், எந்த வரிசைல போடணும்னு சீரீஸ்னு ஒரு ஃபைல். இன்னிக்கு டெபியனோட சோர்ஸ் சைட்ல எந்த பேக்கேஜோட பேட்ச்சையும் யார் வேணா தனித்தனியா திறந்து படிக்கலாம். அந்த ரெண்டு வரி அன்னிக்கு அப்படி தனி ஃபைலா கண்ணுல பட்டிருந்தா யாராவது ஒருத்தர் முன்னாடியே கேட்டிருப்பாங்கன்னு நான் நம்பறேன்.

சரி, நடைமுறைக்கு வரேன். பேட்ச் அடுக்கைக் கையாள்ற குவில்ட் கமாண்டை கையால ஓட்டறது எனக்கு ஒத்துவரல, புஷ் பாப்னு பண்ணும்போது ஃபைலை சேர்க்க மறந்துட்டு எடிட் பண்ணா மாத்தம் பேட்ச்சுக்குள்ள வராது. நாங்க மாறினது டெபியன் பேக்கேஜை கிட்ல வெச்சுக்கற கிட் பில்ட்பேக்கேஜ் (சுருக்கமா ஜிபிபி) டூல்ல இருக்கற ஜிபிபி பிக்யூக்கு, பிக்யூன்னா பேட்ச் க்யூ. இதுல அப்ஸ்ட்ரீம் பிராஞ்ச்ல அவங்க வெளியிட்ட சோர்ஸ் கட்டு (டார்பால்) மட்டும், டெபியன் பிராஞ்ச்ல அதே கோடு தொடாம அப்படியே ப்ளஸ் டெபியன் ஃபோல்டர், நம்ம மாத்தமெல்லாம் அந்த பேட்ச்சஸ் ஃபோல்டர்ல டெக்ஸ்ட் ஃபைலா. வேலை செய்யணும்னா ஜிபிபி பிக்யூ இம்போர்ட் அடிங்க, பேட்ச்-க்யூன்னு ஆரம்பிக்கற பேர்ல ஒரு பிராஞ்ச் பிறக்கும், சீரீஸ்ல இருக்கற ஒவ்வொரு ஃபைலும் அங்க ஒரு கமிட். சாதாரண கிட் மாதிரியே எடிட், அமெண்ட், வரிசை மாத்தறது எல்லாம் அங்க பண்ணிட்டு எக்ஸ்போர்ட் அடிச்சா திரும்ப ஃபைலா மாறி டெபியன் பிராஞ்ச்சுக்கு வந்துரும்.

இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, ரீபேஸ் பண்ணா ஹிஸ்டரி மாறும், டீம்ல மத்தவங்க புல் பண்ண முடியாம திண்டாடுவாங்கன்னு ஒரு பயம் இருக்குல்ல, அது இங்க கிடையாது. பேட்ச் க்யூ பிராஞ்ச்சை யாருக்கும் புஷ் பண்ண வேண்டாம், அது உங்க மெஷின்ல மட்டும் இருக்கற கரும்பலகை மாதிரி, வேலை முடிஞ்சா ட்ராப் பண்ணிடலாம். புஷ் ஆகறது டெபியன் பிராஞ்ச் மட்டும், அது முன்னாடி மட்டும்தான் போகும், ஒரு பேட்ச் போன வருஷம் எப்படி இருந்துச்சு இப்போ எப்படி இருக்குன்னு அந்த ஃபைலோட லாக்லயே பார்த்துக்கலாம்.

புது வெர்ஷன் வரும்போது வரிசை முக்கியம், முதல்ல பிக்யூ இம்போர்ட், அப்புறம் டெபியன் பிராஞ்ச்சுக்கு திரும்பி வந்து புது டார்பாலை உள்ள கொண்டுவர்ற ஜிபிபி இம்போர்ட்-ஒரிஜ், அதுக்கப்புறம் பிக்யூ ரீபேஸ், கடைசியா எக்ஸ்போர்ட். மாத்திப் பண்ணீங்கன்னா பழைய பேட்ச் புது கோடுல ஒட்டாம நின்னுரும். அப்படி மாட்டிக்கிட்டா இம்போர்ட்டோட டைம்-மெஷின்னு ஒரு ஆப்ஷன் குடுங்க, எத்தனை கமிட் பின்னாடி போகலாம்னு நம்பர் குடுத்தா பேட்ச் ஒட்டற இடம் வரைக்கும் அதுவே பின்னாடி போய்ப் பார்க்கும். ரீபேஸ்ல இன்னொரு லாபம், நம்ம பேட்ச்சை அப்ஸ்ட்ரீம்காரங்க ஏற்கெனவே சேர்த்திருந்தா அந்த கமிட் காலியாகும், கிட் அதை தானாவே விட்டுரும். ஒரு பேட்ச் குறைஞ்சா எனக்கு அன்னிக்கு நல்ல நாள்.

எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி கிட் ரேஞ்ச்-டிஃப் கண்டிப்பா ஓட்டுங்க, கிட் 2.19ல, 2018ல வந்தது. பழைய அப்ஸ்ட்ரீம்ல இருந்து பழைய க்யூ, புது அப்ஸ்ட்ரீம்ல இருந்து புது க்யூ, ரெண்டு ரேஞ்சையும் குடுத்தா எந்த பேட்ச் மாறாம வந்துச்சு, எது மாறிச்சு, மாறினதுல எந்த வரின்னு ஜோடி ஜோடியா காட்டும். பழைய க்யூவோட நுனிக்கு ரீபேஸுக்கு முன்னாடியே ஒரு டேக் போட்டுக்கோங்க, இல்லன்னா ஒப்பிட ஆள் இருக்காது. எங்க ஒன்பது வரி கதை இதுல ரெண்டு நிமிஷத்துல மாட்டியிருக்கும்.

ஜிபிபி கான்ஃபிக் ஃபைல்ல பிக்யூ பகுதில பேட்ச்-நம்பர்ஸை ஃபால்ஸ்னு வெச்சிருங்க, இல்லன்னா நடுவுல ஒண்ணு போனா எல்லா ஃபைல் பேரும் மாறி டிஃப் குப்பையாகும். ஒரே கான்ஃப்ளிக்ட்டை திரும்பத் திரும்ப தீர்க்கறீங்கன்னா, முன்னாடி தீர்த்ததை ஞாபகம் வெச்சுக்கற கிட்டோட ரீரீரீயை (rerere) ஆன் பண்ணுங்க. பேட்ச்சை சுத்தி இருக்கற வரி கொஞ்சம் மாறியிருந்தா (இதைத்தான் ஃபஸ்னு சொல்வாங்க) குவில்ட் ஏத்துக்கும், பில்ட் பண்ணும்போது சோர்ஸ் பேக்கேஜைக் கையாள்ற டிபிகேஜி-சோர்ஸ் ஏத்துக்காது, ஃபஸ் ஒரு வரி இருந்தாலும் நிறுத்திரும், அது நல்லதுக்குத்தான்.

பேட்ச் தலைல டெப்-3 ஹெட்டர், அதாவது இந்த பேட்ச் எதுக்கு யார் போட்டதுன்னு சொல்ற குறிப்பு போடுங்கன்னு சொன்னா பலபேர் அது டெபியன்காரங்க சம்பிரதாயம்னு விட்டுடறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. டிஸ்கிரிப்ஷன், ஆத்தர், ஃபார்வர்டட், மூணே வரி. ஃபார்வர்டட்ல அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பின லிங்க், அனுப்பலன்னா நோ, நம்ம ஆபீஸுக்கு மட்டும்னா நாட்-நீடட். நாங்க பழைய குவியலைப் பிரிச்சப்போ பதிமூணு பேட்ச் வந்துச்சு, நாலு ஏற்கெனவே அப்ஸ்ட்ரீம்ல இருந்துச்சு, ஒண்ணு எதுக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல, எழுதினவர் வேலையை விட்டுப் போயிட்டார், எடுக்கவும் பயம் வைக்கவும் பயம். மூணு வரி எழுதியிருந்தா அந்த நிலைமை வந்திருக்காது.

வேற வழியும் இருக்கு. பேட்ச்சுக்கு ஒரு பிராஞ்ச்னு டாப்கிட் இருந்துச்சு, ஒண்ணு இன்னொண்ணை நம்பியிருக்கற மாதிரி அஞ்சாறு ஆனதுமே எந்த பிராஞ்ச்சை முதல்ல அப்டேட் பண்றதுங்கறதே தனி வேலையாப் போச்சு, எனக்கு வேண்டாம்னு ஆயிடுச்சு. பேட்ச் ஃபைலே கண்ணுல படக்கூடாது, எல்லாம் கிட் கமிட்டாவே இருக்கணும்னா இயன் ஜாக்சன் எழுதின கிட்-டெப்ரீபேஸ் பாருங்க, அது ரீபேஸ் பண்ணிட்டு பழைய ஹிஸ்டரியை ஒரு போலி மெர்ஜால முடிச்சுப் போட்டு வெச்சுக்கும், அதனால மத்தவங்க சாதாரணமா புல் பண்ணலாம். நல்ல டூல்தான், ஆனா டீம்ல எல்லாருக்கும் கிட் கிராஃப் நல்லாப் படிக்கத் தெரியணும், உங்க நிலைமைக்கு நான் ஜிபிபியையே சொல்லுவேன்.

இப்போ உங்க கைல இருக்கற குவியலை எப்படி பிரிக்கறதுன்னா, கடைசியா மெர்ஜ் பண்ண அப்ஸ்ட்ரீம் டேக்ல இருந்து ஒரு புது பிராஞ்ச் எடுங்க, பழைய மாஸ்டர்ல இருக்கற ஃபைலையெல்லாம் கிட் ரீஸ்டோர் சோர்ஸ் வெச்சு ஒர்க்கிங் ட்ரீக்குள்ள கொண்டுவாங்க, டெபியன் ஃபோல்டரைத் தவிர. முதல்ல கான்ஃபிகர் மாதிரி தானா உருவாகற ஃபைல்ல வந்த டிஃப்பை திருப்பி விட்டுருங்க, எங்களுக்கு 2,300 வரி டிஃப்ல 1,400 வரி அதுதான். மிச்சத்தை கிட் ஆட் மைனஸ் பி போட்டு துண்டு துண்டா எடுத்து, காரணம் தெரிஞ்சதை ஒவ்வொண்ணா கமிட் பண்ணுங்க, காரணம் தெரியாத துண்டுக்கு பழைய மாஸ்டர்ல பிளேம் பார்த்து போட்டவரையே கேளுங்க, போன் நம்பர் இருந்தா போனே பண்ணுங்க. எங்களுக்கு ரெண்டு பேருக்கு ஒரு வாரம் ஆச்சு. எல்லாம் முடிஞ்சதும் புது பிராஞ்ச்சுக்கும் பழைய மாஸ்டருக்கும் கிட் டிஃப் போடுங்க, டெபியன் ஃபோல்டரும் அந்த ஜெனரேட்டட் ஃபைலும் தவிர ஒரு வரிகூட வரக்கூடாது. வந்துச்சுன்னா ஏதோ ஒரு துண்டை விட்டிருக்கீங்க, திரும்பப் போய் எடுங்க. காலியா வந்தப்புறம் பழைய மாஸ்டருக்கு ஒரு டேக் போட்டு வெச்சிருங்க, அழிக்க வேண்டாம், நாங்க அந்த டேக்கை அப்புறம் ஒரு வருஷத்துல நாலு தடவையாவது திறந்து பார்த்தோம்.